பொறிக்குத் தமிழ் தெரியாதாம்!

தமிழ்நாட்டில், தமிழ்க் கடைக்காரருக்குத் தமிழில் ஒரு பற்றுச்சீட்டுக் கொடுக்க இயலாதாம்! கரணியம் கேட்டால், “நாங்கள் என்ன செய்வோம்? பொறிக்குத் தமிழ் தெரியாது” என்கின்றனர்.

எந்தப் பொறி? ஊர்தியில் சரக்கேற்றி ஊரூராய்ச் சென்று கடைகளுக்கு விற்போர் உடன்கொண்டு வரும் கையடக்க அச்சுப்பொறி. சரக்கை இறக்கிக் கைப்பேசியில் கணக்கைத் தட்டியதும் சீட்டு வெளிவருகிறது. மைப்புட்டி இல்லை, குலுங்கும் வண்டியில் சிந்துவதற்கு ஒன்றுமில்லை. ஊர்தியின் மின்கலத்திலிருந்தே மின்னேற்றிக் கொள்ளலாம். வெளிப்பணிக்கு ஏந்தான கருவிதான். அதனை நாம் பழிக்கவில்லை.

அது தரும் சீட்டைத்தான் பாருங்கள்! பொருளின் பெயர் ஆங்கிலம், அளவு ஆங்கிலம், கழிவு, வரி, நிலுவை அனைத்தும் ஆங்கிலம். அதுவும், தாளில் இடமில்லையென்று தலையும் வாலும் நறுக்கிய ஆங்கிலம்! அரிசியும் பருப்பும் விற்கும் அம்மையார், பழைய நிலுவை எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பதைத் தாமே படித்தறிய வழியில்லை. பள்ளி சென்ற பெயரன் மாலையில் வந்து படித்துச் சொல்லும்வரை, விற்றவன் வாய்ச்சொல்லை நம்பியே பணத்தை எண்ணித் தரவேண்டும். ஊர்தியோ அதற்குள் நான்கு ஊர்களைக் கடந்திருக்கும்.

பொறிக்குத் தமிழ் தெரியாதென்பது பாதி மெய். இவ்வகைப் பொறிகளுள் ஆங்கில எழுத்து வடிவங்கள் முன்பே பதிக்கப்பட்டுள்ளன. எழுத்துக்குரிய எண்ணை அனுப்பினால் வடிவத்தைப் பொறியே எடுத்து அச்சிடும். தமிழ் வடிவங்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆனால் மறுபாதியை மறைப்பதேன்? அதே பொறி படத்தையும் அச்சிடும். சீட்டின் தலையில் நிறுவனத்தின் இலச்சினையைப் பளிச்செனப் பொறிக்கிறீர்களே, அது எவ்வாறு வந்தது?

58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ. மி.மீட்டருக்கு 8 புள்ளியாக, 384 புள்ளிகள். புள்ளி சூடேறியதும் தாளின் பூச்சுக் கறுக்கிறது. அவ்வளவே. சூட்டுக்கு ஏது மொழி? கைப்பேசி தமிழ் வரியைப் படமாக்கி அனுப்பினால் பொறி மறுப்பின்றி அச்சிடும். 32 எழுத்துள்ள ஓர் ஆங்கில வரிக்கு 32 எண்களை அனுப்பினால் போதும்; 24 புள்ளி உயரமுள்ள படவரிக்கு 1152 எண்கள் வேண்டும். இருபது வரிச் சீட்டுக்கு 23,040. இதனால் கூடுதலாவது சில நொடிகள்! அந்தச் சில நொடிகளை மிச்சப்படுத்தவா தாய்மொழியைத் தெருவில் நிறுத்துவது?

சீனரைப் பாருங்கள். 1980-இல் அவர்கள் கணினிக்கென வகுத்த எழுத்துத் தொகுப்பில் 6763 சீன எழுத்துகள் உள்ளன. அத்தனையையும் இதே சிறு பெட்டிக்குள் பதித்து விற்கின்றனர். நமக்கோ 247 எழுத்துகள். கொம்பு, கால், கொக்கி எனப் பிரித்தால் வேண்டப்படும் வடிவங்கள் இன்னும் குறைவு. அவர்கள் கேட்டனர்; பெற்றனர். வாங்கும் பெருவணிகர் நம் பக்கத்தில் வாய் திறக்கவில்லை. 1578-இலேயே கொல்லத்தில் அச்சேறிய மொழி, 1991-இல் ஒருங்குறியில் இடம்பெற்ற மொழி, ஒரு கைப்பெட்டிக்குள் நுழையாதாம்!

அரசு அலுவலர் சாலையில் ஊர்தியை நிறுத்தித் தண்டச்சீட்டு அடித்துத் தரும்போதும் அளவுகோல் இதுவே. என்ன குற்றம், எவ்வளவு தொகை என்பதைத் தன் மொழியில் படித்த பின்னரன்றோ ஒருவன் ஒப்பவோ மறுக்கவோ இயலும்? 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஏட்டில் உறங்கவா இயற்றப்பட்டது?

இன்னொன்று. இத்தாளின் அச்சு நெடுநாள் நில்லாது. வெயிலில் நிறுத்திய ஊர்தியின் முன்கண்ணாடியடியில் போட்டால் தாளே கறுக்கும். எண்ணெய்க் கை பட்டாலும், சிலவகை நெகிழி உறையில் இட்டாலும் எழுத்து மங்கும். ஆகவே, பெற்ற அன்றே ஏட்டில் படியெடுத்துக் கொள்ளவேண்டும். படிக்கவே தெரியாத மொழியில் இருப்பதை அந்த அம்மையார் எப்படிப் படியெடுப்பார்?

கடைக்காரர்களே! அடுத்த முறை ஊர்தி வரும்போது தமிழ்ச் சீட்டுக் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். பொறி வாங்கும் வணிகர்களே! விற்பவர் முன்னிலையிலேயே ‘கொள்முதல்’ என்னும் சொல்லை அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றைக்கொம்பு ககரத்தின் முன்னும் கால் பின்னும் முறையாக நிற்கவேண்டும். இடம் மாறி விழுந்தாலோ, கட்டங்கட்டமாய் வந்தாலோ, பணத்தை எடுக்காதீர்கள்.