குளிர் நாட்டுக்குக் குழந்தைகளோடு போகலாமா?

பேரையூரில் மார்கழிப் பனிக்கே குழந்தைக்குக் குல்லாய் மாட்டுவார்கள். அங்கிருந்து கனடாவின் டொராண்டோ நகருக்குப் பிள்ளை குட்டிகளோடு குடிபோகிறவர்கள் தை பிறந்ததும் விமானம் ஏறலாமா?

கூடாது! ஆகஸ்டு மாதமே நல்லது.

ஜனவரி இரவில் அங்கே குளிர் சாதாரணமாகவே 0 டிகிரிக்கும் கீழே 7 டிகிரி வரை இறங்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். கணவர் வேலைக்குப் போய்விடுவார். கைக்குழந்தையோடு மனைவி? பேச்சுத் துணைகூட இல்லாமல் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க வேண்டும். (பல கணவன்மார்கள் இதை யோசிப்பதே இல்லை.)

ஆகஸ்டில் வெயில் இருக்கும். அக்கம்பக்கத்தில் பழகலாம். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும். 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர் அது. கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை!

கம்பளிக் கோட்டை மட்டும் மதுரையில் வாங்க வேண்டாம். அந்தக் குளிருக்கு அது போதாது. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.