சேறு பட்ட ஜிப்பா

 

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், காவிரியின் கடைமடையில் வாழும் நம்மவர்க்கு இரண்டு கவலைகள். ஒன்று, துவைத்த துணி காய்வதில்லை. மற்றொன்று, சைக்கிள் சொன்னபடி கேட்பதில்லை. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது. அந்த மழையின் நடுவே பள்ளிக்கூடத்திற்கும் மதரஸாவுக்கும் கடைத்தெருவுக்கும் மிதிவண்டியிலேயே போய்வருவோர் இன்றும் நம் ஊர்களில் உண்டு. அவர்களுள் அடியேனும் ஒருவன்.

மழையில் மிதிவண்டி ஓட்டுவது தனிக்கலை. ஒரு கையில் குடை பிடித்து மறுகையால் ஓட்டுவோரின் திறமையை வியக்கலாம், பின்பற்றக்கூடாது. கடற்காற்று ஒருமுறை குடையைத் திருப்பிவிட்டால் குடையும் போகும், ஆளும் சாய்வார். உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு செல்லும் விவசாயி நம்மினும் அறிவாளி. அவருக்கு இரு கைகளும் மிச்சம்.

அடுத்தது பிரேக். ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதனைப் பற்றாது, வழுக்கும். அதில் படிந்த நீர் துடைபட்ட பிறகே வண்டி நிற்கும். ஆகவே திருப்பம் வருவதற்கு நெடுந்தொலைவு முன்பே இரு பிரேக்குகளையும் மெல்ல அழுத்திக்கொண்டு செல்ல வேண்டும். டைனமோவோ டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழல வேண்டிய பொருள். டயர் ஈரமானால் அதுவும் வழுக்க, விளக்கு மங்கி மங்கி எரியும். வெளிச்சம் மிகத் தேவைப்படும் நேரத்தில் அது நம்மைக் கைவிடும். மட்கார்டு இல்லாத வண்டியாயின் கேட்கவே வேண்டாம். வெள்ளை ஜிப்பாவின் முதுகில் சக்கரமே ஒரு கோடு கிழித்துவிடும்.

இத்தனை இடர்கள் இருந்தும் அதில் ஓர் இன்பம் இருப்பதை மறுக்க முடியாது. முகத்தில் சாரல், வயலெங்கும் தவளைகளின் இரைச்சல், தேங்கிய நீரைக் கிழித்துச் செல்கையில் இருபுறமும் சிறகுபோல் எழும் தண்ணீர்! நாற்பதைக் கடந்தவனுக்கும் பத்து வயது திரும்புகிறது. மழை பெய்தபோது நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைச் சற்று விலக்கித் திருமேனியில் மழை படச் செய்தார்கள் என்றும், அது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்று அதற்குக் காரணம் கூறினார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. மழையில் நனைவதை நாம் சளிக்குப் பயந்து வெறுக்கிறோம். அவர்களோ அதனை அருளெனக் கண்டார்கள்.

வாசகர்களே! இனி, நான் வெட்கத்துடன் சொல்ல வேண்டிய ஒன்று.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் காலை. அண்டைச் சிற்றூரிலிருந்து சைக்கிளில் ஓதவரும் பதினொரு வயதுச் சிறுவன் அரைமணி நேரம் தாமதமாக வந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். சட்டை முழுதும் சேறு. "இந்தக் கோலத்தில் பாயை மிதிக்காதே" என்று கூறி, பாடம் முடியும்வரை அவனைத் தாழ்வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை அவனது ஊரிலேயே ஒரு மவுத்து வீட்டிற்கு நான் போக வேண்டியிருந்தது. அதே சாலை, அதே மழை. தண்ணீர் தேங்கியிருந்ததால் அடியிலிருந்த பள்ளம் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கியது, நான் பக்கவாட்டில் விழுந்தேன். அடி பலமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஜிப்பா ஜிப்பாவாக இல்லை.

மஃரிபு பாங்கு ஒலித்தது. அவ்வூர்ப் பள்ளிவாசலின் படியில் நின்று, உள்ளே செல்வதா, திரும்புவதா என்று தயங்கினேன். வயது முதிர்ந்த மோதினார் ஒரு வாளித் தண்ணீரையும் உலர்ந்த கைலியொன்றையும் கொண்டுவந்து வைத்தார். "உள்ளே வாங்க ஹஜ்ரத், மழைச் சேறுதானே" என்றார்.

அந்த ஒரு சொல் என்னைக் கூனிக்குறுக வைத்தது. மழைநாளொன்றில், இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கில் அறிவிக்கச் செய்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், சேற்றிலும் வழுக்கலிலும் மக்களை நடக்கவைத்துச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றார்கள். புகாரியில் வரும் இச்செய்தியை மாணவர்க்கு எத்தனையோ முறை ஓதிக்காட்டியவன் நான். தெருச் சேற்றில் அசுத்தம் கலந்திருப்பது உறுதியாகத் தெரிந்தால்கூட, தவிர்க்க இயலாத அளவு மன்னிக்கப்படும் என்பதும், கோடையில் மன்னிக்கப்படாத அளவு மழைக்காலத்தில் மன்னிக்கப்படும் என்பதும் நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களின் பாடம். அதனையும் நடத்தியிருக்கிறேன். நூலில் இருந்த சலுகை என் தாழ்வாரம் வரை வந்து சேரவில்லை.

இன்னொன்றும் நினைவில் வந்து உறுத்தியது. ரமளானின் இருபத்தோராம் இரவில் மழை பெய்து, ஈச்சமட்டைக் கூரை ஒழுகியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த ஈரத்திலேயே ஸுஜூது செய்தார்கள். விடியலில் அவர்களது திருநெற்றியில் நீரும் களிமண்ணும் படிந்திருந்ததைத் தம் கண்களால் கண்டதாக அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மழைச் சேறு அந்த நெற்றிக்கே இழுக்காகவில்லை. என் மதரஸாப் பாய்க்கு மட்டும் எவ்வாறு இழுக்காயிற்று?

மறுநாள் எல்லா மாணவர்களின் முன்னிலையிலும் அச்சிறுவனை அழைத்து, "நேற்று நான் செய்தது தவறு. பெரிய மழையாக இருந்ததால்தானே தாமதமாயிற்று?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மழையில்ல ஹஜ்ரத். மதகுப் பக்கம் தண்ணி நின்னுச்சு. அதுல நாலு தடவ ஓட்டிப் பாத்தேன். அதான் நேரமாயிருச்சு" என்றான்.

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மன்னிப்பை மட்டும் திரும்பப் பெறவில்லை. அந்தச் சாலையில் தண்ணீரைக் கிழித்துச் சென்றபோது நான் மகிழவில்லையா? அதோடு, தப்பித்துக்கொள்ள நானே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தும் அதனை ஏற்காமல் உண்மையைச் சொன்ன பிள்ளை அவன்.

இப்போது எங்கள் மதரஸாத் தாழ்வாரத்தில் ஒரு கொடிக்கயிறும், நாலைந்து உலர்ந்த கைலிகளும், ஒரு வாளித் தண்ணீரும் இருக்கின்றன. கூடவே பழைய துணியும் மிஷின் எண்ணெய்க் குப்பியும். பாடம் முடிந்ததும் அவரவர் சைக்கிளைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுச் செல்ல வேண்டும். ஈரத்தோடு விட்டால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும்.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! இந்த மழைக்காலத்தில் நனைந்த பிள்ளையொன்று உங்கள் வாசலில் வந்து நின்றால், முதலில் துண்டை நீட்டுங்கள். கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வல்ல அல்லாஹ் இம்மழையைப் பயனுள்ள மழையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.