பந்தொன்று வீழ்கின்றது

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவருட் சிலர், கணினியிலே முப்பரிமாண உருவங்களை அமைத்து அவற்றுக்கு அசைவூட்டும் கலையைக் கற்க விரும்புகின்றனர். பெற்றோர்க்கோ இது பெருஞ் செலவில் வந்து முடியுமென்னும் அச்சம். அந்த அச்சத்தை முதலிற் போக்கிவிடலாம். இத்துறையிற் பெயர்பெற்ற பிளெண்டர் என்னும் மென்பொருளை ஒரு சதமுங் கொடாமற் பெறலாம். ஒல்லாந்தரான ரொன் ரோசண்டால் என்பவர் ஆக்கிய மென்பொருள் அது. 2002இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டபோது, முதலீட்டாளர் கையிலிருந்த உரிமையை மீட்பதற்கு 1,00,000 யூரோ வேண்டியிருந்தது. உலகெங்குமுள்ள ஆர்வலர் ஏழே வாரங்களில் அதனைத் திரட்டிக் கொடுத்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி அது யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ளதாக வெளியிடப்பட்டது.

மென்பொருளைத் திறந்தவுடன் திரையில் நிற்பது சாம்பல் நிறச் சதுரமுகி ஒன்று. உச்சிகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. கணித பாடத்திற் கண்ட அதே உருவந்தான். உச்சியை இழுத்தும் முகத்தை நீட்டியுமே வீடும் மரமும் மனிதனும் ஆக்கப்படுகின்றன. நகர்த்துவதற்கு ஜி, சுழற்றுவதற்கு ஆர், பெருக்கவும் சிறுக்கவும் எஸ் என்னும் விசைகள் மூன்றும் பழகிவிட்டால் முதல் வாரம் வீண்போகாது. பாடசாலையில் வை அச்சை மேல்நோக்கி வரைந்து பழகியவர்க்கு, இங்கே இசட் அச்சு மேல்நோக்கி நிற்பது சில நாள் மயக்கந் தரும்.

தொடங்குவோர் பலர் முதல் மாதத்திலேயே வாளேந்திய வீரனைப் படைக்க முயன்று, அவன் முழங்கை மடங்காமற் கண்டு மனமுடைந்து கைவிட்டுவிடுகின்றனர். அவர்கட்கு யான் கூறுவது: வீரன் சிலகாலம் பொறுத்திருக்கட்டும், ஒரு பந்தை விழச் செய்யுங்கள்.

1.2 மீற்றர் உயரத்திலிருந்து விடப்படும் பந்து ஏறக்குறைய அரைச் செக்கனில் நிலத்தை அடையும். செக்கனுக்கு 24 படங்களெனில் அவ்வீழ்ச்சி 12 படங்களில் முடிகின்றது. ஆகவே முதலாம் படத்திற் பந்தை மேலேயும், 13ஆம் படத்தில் நிலத்திலும் நிறுத்திவிட்டால், இடைப்பட்ட நிலைகளை மென்பொருளே நிரப்பிவிடும். ஓடவிட்டுப் பாருங்கள். பந்து விழாது, மெல்ல இறங்கி, நிலத்துக்கு அஞ்சியதுபோலத் தயங்கி அமரும். காரணம் யாதெனில், நாம் வேறு கட்டளை இடாதவிடத்து மென்பொருள் எவ்வசைவையும் மெதுவாகத் தொடக்கி மெதுவாகவே முடிக்கும். பாதி நேரத்திற் பாதித் தூரம் என்பது அதன் கணக்கு. புவியீர்ப்பின் கணக்கோ வேறு. முதல் 6 படங்களிற் பந்து 30 சென்ரிமீற்றரளவே விழும். எஞ்சிய 90 சென்ரிமீற்றரையும் அடுத்த 6 படங்களிற் கடந்துவிடும். எனவே அசைவு வரைபைத் திறந்து, உச்சியில் வளைவை அப்படியே விட்டு, நிலத்தைத் தொடுமிடத்தில் அதனைக் கூராக்கல் வேண்டும். அதன்பின்னரே பந்துக்குப் பாரம் வந்து சேரும்.

இனி, அப்பந்து இரும்போ இறப்பரோ? விழும்போது இரண்டும் ஒன்றே. வேறுபாடு எழும்போதுதான் தோன்றும். எத்தனை முறை எழும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு குறையும் என்பதை முற்றத்திலே பந்தை எறிந்து பார்த்தே அறிதல் நன்று. பௌதிகம் படித்த மாணவர்க்கு இதுவொரு பெரும் வாய்ப்பென்பேன். பரீட்சைக்காக மனனஞ் செய்த சமன்பாடு கண்முன்னே துள்ளுகின்றதன்றோ!

விலையுயர்ந்த கணினிகள் பல வேண்டுமே என்பாரும் உளர். 20 இலட்சத்துக்குக் குறைந்த குடிகளையுடைய லத்வியா நாட்டின் கின்ற்ஸ் சில்பலோடிஸ் பிளெண்டரில் ஆக்கிய 'ஃபுளோ' என்னும் படம், ஒரு பூனையின் கதையை ஒரு வசனமுமின்றிச் சொல்லி, 2025இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. அதன் இறுதிக் காட்சிப் படங்களைப் பெருங் கணினித் தொகுதி எதனையும் நாடாது தமது கணினியிலேயே அவர் பெற்றுக்கொண்டார். பந்துக்கு வீட்டிலுள்ள சாதாரண கணினியே போதும். ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்: நடுவிற் சில்லுள்ள சுட்டி. அச்சில்லை அழுத்தி இழுத்தே உருவத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருப்பதால், மடிக்கணினியின் தொடுதளத்தோடு போராடுவோர் பந்து விழுமுன்னரே களைத்துவிடுகின்றனர்.