பேசாமல் போன இருபது வருடம்



ராசாவில் ஒரு சாவு வீடு. போனவருக்கு எண்பது வயதுக்கு மேல். பிள்ளைகள் எல்லாரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். குறையில்லாத சாவு என்றுதான் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு மாமரத்தடியில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக நின்றார். கையில் ஒரு மாலை. காலை ஒன்பது மணிக்குப் பார்த்தபோதும் நின்றார். பதினொரு மணிக்குப் பார்த்தபோதும் அங்கேயே நின்றார். மாலையில் இருந்த பூ வாடத் தொடங்கிவிட்டது.

"யார் அவர்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"செத்தவரோட கூட்டாளிங்க. சின்னப் புள்ளையிலேருந்து ஒண்ணாத் திரிஞ்சவங்க. இருவது வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல."

பிறகு கதை வந்தது. இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். பதினைந்து வயதில் ஒரே நாளில் பெரட்டுக்கு நின்று, பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் தன் மரத்தை முடித்துவிட்டு அவர் மரத்தையும் வெட்டிக் கொடுப்பார். ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர்தான் மாப்பிள்ளைத் தோழன்.

அப்படிப்பட்டவர்களைப் பிரித்தது என்ன தெரியுமா? கோயில் திருவிழாக் கணக்கு. கூட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்டார். மற்றவர் தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டதாக நினைத்தார். அன்றைக்கு நின்ற பேச்சு பிறகு வரவே இல்லை. தோட்டமும் விற்கப்பட்டது. ஒருவர் ராசாவுக்கு வந்தார். மற்றவர் மகனோடு பத்தாங் பெர்ஜூந்தைக்குப் போனார். 2007-இல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர்கூட மாறிவிட்டது. இவர்கள் கோபம் மாறவில்லை. குவாலா குபு பக்கத்து மலையிலிருந்து இறங்கி, ராசா பக்கமாக ஓடி, பெஸ்தாரி ஜெயாவைத் தொட்டு, குவாலா சிலாங்கூரில் கடலில் சேருகிறதே சிலாங்கூர் ஆறு, அது ஒவ்வொரு நாளும் கடக்கும் தூரம்தான் இருவருக்கும் நடுவில். இருபது வருடமாக அதை இவர்களால் கடக்க முடியவில்லை.

பிரேதத்தை எடுக்கும் நேரம் வந்தது. இறந்தவரின் மூத்த மகள் சாலையைக் கடந்து போனாள். அந்தப் பெரியவரின் கையைப் பிடித்தாள்.

"சித்தப்பா, உள்ள வாங்க. அப்பா கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

அவர் வந்தார். மாலையைப் போட்டார். வாய்க்கரிசி போடும்போது கை நடுங்கியது. எல்லாம் முடிந்து வண்டி போன பிறகு, காலியான நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்:

"போன தீபாவளிக்கே வரணும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன் தம்பி. வந்து என்ன சொல்றதுன்னு தெரியல. திரும்பிட்டேன்."

வாசகர்களே, அன்றிலிருந்து அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. கூடவே வேறு இரண்டு பெரியவர்களின் ஞாபகமும் வந்தது. அவர்கள் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் தந்தை பெரியார். மற்றவர் ராஜாஜி.

பெரியார் 1929 இறுதியிலும், மறுபடி 1954 இறுதியிலும் மலாயாவுக்கு வந்தவர். அவர் பேச்சைக் கேட்ட தாத்தாக்கள் இருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ராஜாஜி எழுதிய 'வியாசர் விருந்'தையும் 'சக்கரவர்த்தித் திருமக'னையும் படித்த குடும்பங்களும் உண்டு. ஒருவர் கடவுள் இல்லை என்றவர். மற்றவர் இராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய தமிழில் எழுதியவர். ஒருவர் 1956-இல் இராமர் படத்தை எரிக்கும் போராட்டம் நடத்தினார். மற்றவருடைய இராமாயண நூல் 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இந்த இருவருக்கும் ஒத்துப்போகுமா என்று நீங்கள் கேட்கலாம்.

ஒத்துப்போகவில்லைதான். ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுவதும் நண்பர்கள்.

ராஜாஜி 1878 டிசம்பரில் பிறந்தவர். பெரியார் 1879 செப்டம்பரில். ஒன்பது மாத வித்தியாசம். ராஜாஜி சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். சேலம் நகரசபைத் தலைவர். பெரியார் ஈரோட்டில் பெரிய வியாபாரி. ஈரோடு நகரசபைத் தலைவர். அந்த நாளில் ஏற்பட்ட பழக்கம்தான். பெரியார் 1919-இல் காங்கிரசுக்கு வந்ததற்கு ராஜாஜியின் அழைப்பு ஒரு முக்கிய காரணம். மதுவிலக்கு இருவருக்கும் உயிர்க் கொள்கை. பெரியார் தன் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை, கள் இறக்கக் கூடாது என்று வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் 1937 அக்டோபரில் முதலில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தோட்டத்துக் கள்ளுக்கடையால் சம்பளத்தைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் பாதை பிரிந்தது. பெரியார் 1925-இல் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன் பிறகு அவர்கள் ஒரே மேடையில் நின்றதைவிட எதிர் மேடையில் நின்றதே அதிகம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்து 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். பெரியார் எதிர்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பெரியாரைச் சிறையில் போட்டது ராஜாஜியின் அரசாங்கம். சாதாரண மனிதர்களாக இருந்தால் அத்தோடு முறிந்திருக்கும் அல்லவா? திருவிழாக் கணக்கில் ஒரு கேள்வி கேட்டதற்கே நமக்கு இருபது வருடம் ஆகிறது, அங்கே சிறைவாசம்!

ஆனால் பதினோரு வருடம் கழித்து, 1949 மே மாதம் என்ன நடந்தது பாருங்கள். பெரியாருக்குத் தன் சொந்த வாழ்க்கையில் பெரிய முடிவு ஒன்றை எடுக்க வேண்டிய நேரம். தனக்குப் பிறகு இயக்கத்தையும் சொத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை. கூடவே ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இருந்தார்கள். இருந்தும் அவர் யோசனை கேட்கத் தேடிப் போனது யாரை? அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து, திருவண்ணாமலைக்கு வந்திருந்த ராஜாஜியை! எதிரி என்று ஊரெல்லாம் நினைத்த மனிதரை! கட்சிக்காரர்கள் திகைத்துப் போனார்கள். பலவிதமாகப் பேசினார்கள். பெரியார் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதற்காக எதிர்ப்பை விட்டுவிட்டாரா? இல்லை. ராஜாஜி 1952-இல் மறுபடி முதலமைச்சரானார். 1953-இல் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் பெற்றோர் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். 'தோட்டி மகன் தோட்டியாகவே இருப்பதா?' என்பது போன்ற கேள்வியோடு பெரியார் ஊர் ஊராகப் போய் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார்; திட்டமும் கைவிடப்பட்டது. 1967 தேர்தலிலும் ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம்.

1972 டிசம்பர் 25. தொண்ணூற்று நான்கு வயதில் ராஜாஜி சென்னையில் காலமானார். பெரியாருக்கு அப்போது தொண்ணூற்று மூன்று வயது. நடக்க முடியாத உடம்பு. சடங்கில் நம்பிக்கை இல்லாதவர். மறுபிறவியில் நம்பிக்கை இல்லாதவர். அவர் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கே வந்தார். ஏறக்குறைய ஐம்பது வருடம் தன்னோடு மோதிய மனிதருக்காகக் கண்ணீர் விட்டு அழுதார். பார்த்தவர்கள் மறக்கவில்லை. அதன் பிறகு பெரியாரும் அதிக நாள் இருக்கவில்லை. 1973 டிசம்பர் 24-இல் அவரும் மறைந்தார். ஒரு வருடம் நிறைவதற்கு ஒரே ஒரு நாள் குறைவு.

அவர் அழுததையும் ராசாவில் அந்தப் பெரியவர் அழுததையும் சேர்த்துப் பார்க்கிறேன். இரண்டும் கூட்டாளிக்காக விட்ட கண்ணீர்தான். ஆனால் பெரியாருடையது பிரிவுத் துயரம் மட்டும்தான். சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் உயிரோடு இருந்த மனிதரிடமே சொல்லியிருந்தார். திட்ட வேண்டியதையும் திட்டியிருந்தார், யோசனையும் கேட்டிருந்தார். ராசாவில் அழுதவருக்கோ துயரத்தோடு இருபது வருடப் பாரமும் சேர்ந்திருந்தது. அந்தப் பாரத்தை இனி அவர் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார்?

கொள்கையில் விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் தப்பு இருந்தால் கேட்கத்தான் வேண்டும். சங்கத் தேர்தலில் அவர் ஒரு பக்கம் நின்றால் நீங்கள் மறுபக்கம் நில்லுங்கள். சத்தம் போட்டுப் பேசுங்கள். பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். சண்டை போடுகிறவரை உறவு இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில்தான் அது போகிறது.

இதில் நம் தோட்ட மக்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. கிராமத்தில் சண்டை போட்டவர்கள் கிணற்றடியிலோ கோயிலிலோ மறுபடி முகம் பார்ப்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். பெரட்டுக் களமும், பால் ஸ்டோரும், தண்ணீர்க் குழாயும் நம்மைச் சேர்த்து வைத்தன. கோபக்காரர்கள்கூட ஒரு வாரத்தில் 'என்னடா' என்று பேசிவிடுவார்கள். தோட்டம் போனது, லயம் போனது, ஆளுக்கொரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். இனி யாரும் தற்செயலாக எதிரில் வரமாட்டார்கள். நாமாகத்தான் தேடிப் போக வேண்டும்.

பெண்களுக்கும் இதைச் சொல்கிறேன். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போனதோடு விட்டுப்போன கூட்டாளி உங்களுக்கும் இருப்பாள். ஆயாக் கொட்டகையில் உங்கள் பிள்ளையையும் தன் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள் இருப்பாள். நீங்கள் சின்ன வயதில் எப்படிச் சிரிப்பீர்கள் என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் போய்விட்டால் அதைச் சொல்ல ஆளே இல்லை.

உங்கள் கூட்டாளி ஏற்கெனவே போய்விட்டாரா? அப்படியானால் அவர் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். அப்பா பெரட்டில் என்ன கேலி பேசினார், எந்த மரத்தடியில் பாம்பைக் கண்டு ஓடினார் என்று சொல்லுங்கள். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாத அப்பா உங்களிடம் இருக்கிறார். ராசாவில் அந்தப் பெரியவருக்கும் இதைத்தான் சொன்னேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் முதல் ஆளாக வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, பொழுது சாயும் வரை பழைய கதை சொன்னாராம்.

உங்கள் கூட்டாளி இன்னும் இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள். போய் என்ன சொல்வது என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசிக்காதீர்கள். ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்று, "ஒடம்பு எப்படிடா இருக்கு?" என்று கேளுங்கள். அது போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.