நேரம் சரியில்லையாம்!

"அப்பாவுக்கு நேரம் சரியில்லை, சார்!"

நான்கு நாள் பள்ளிக்கு வாராதிருந்த மாணவன், வில்லியனூரை அடுத்த சிற்றூரான், எனக்களித்த விடை இது. தந்தை நெற்கிடங்கில் சுமை தூக்குபவர். அட்டி சரிந்தது, மூட்டைகள் விழுந்தன, முதுகெலும்பு முறிந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி எண்ணிக் கொடுத்த கை, முறிந்த முதுகுக்கு எலுமிச்சம்பழமும் திருநீறும் கொடுத்தனுப்பியது.

ஆம் தோழர்களே, நேரம் சரியில்லைதான்! காலை 6 மணிக்குத் தோள் கொடுத்தவர்மீது அட்டி சரிந்தபோது இரவு மணி 8. இதே புதுவை மண்ணில், 1936 ஜூலை 30-ஆம் நாள், சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாயினர். அடுத்த ஆண்டே 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆலைக்குள் நுழைந்த அச்சட்டம் நம் கிடங்கின் வாயிலில் ஏன் நின்றுவிட்டது? அங்கே தொங்கும் திருஷ்டிப் பூசணியைக் கண்டு அஞ்சிற்றோ?

அட்டி ஏன் சரிகிறது? ஒரு வரிசையை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் அடுக்கினால், மூட்டைகள் ஒன்றையொன்று பிணைத்து நிற்கும். அவசரத்தில் ஒரே போக்காய் அடுக்கி, கூரை தொட உயர்த்தி, லாரி வந்ததும் அடியிலிருந்து உருவினால் சரியாமல் என்ன செய்யும்? இது சனிப் பெயர்ச்சியன்று; மூட்டைப் பெயர்ச்சி! ஆடவன் சுமக்கத்தக்க பேரளவு 55 கிலோ என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. பாகூர் ஏரி நீரில் விளைந்த நெல்லையும் வணிகர் 75 கிலோ மூட்டையாகவே கணக்கிடுகின்றனர். ஆயுத பூசையன்று தராசுக்குச் சந்தனம், கொக்கிக்குக் குங்குமம். தூக்கும் தோளுக்கோ ஒன்றுமில்லை. (நடுத்தெருவில் உடைத்த பூசணியில் வழுக்கி விழும் வண்டிக்காரர் கதை தனி!)

ஏகலைவனின் கட்டைவிரலைத் துரோணன் காணிக்கையாகப் பறித்தான். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமோ, கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு உழைப்பாற்றல் இழப்பென்று கணக்கிட்டது. குருவினும் வெள்ளையன் மேலாயினான்! 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இழப்பீட்டு உரிமை தொடர்கிறது. "அவன் மேஸ்திரியின் ஆள்" என்று முதலாளி தப்பவும் வழியில்லை. தம் தொழிலை ஒப்பந்தக்காரர் வழியே நடத்தினாலும் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளிக்கே. வேண்டுமானால் ஒப்பந்தக்காரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளட்டும்.

படுத்திருந்தவரிடம் இதைச் சொன்னேன். "கேட்டா நாளைக்கு மூட்டை தரமாட்டாங்களே, வாத்தியாரே" என்றார். என்னிடம் விடையில்லை. மூட்டை தூக்கவே இயலாத முதுகு, மூட்டை கிடைக்காதோ என்று அஞ்சுகிறது!

உடன் சுமந்த நால்வர் சாட்சிக் கையெழுத்திட இசைந்தபின்னரே அவரும் இசைந்தார். விண்ணப்பத்தை மகன் எழுதினான். "நேரம்" என்ற சொல் அதில் ஓரிடத்தில்தான் வந்தது: விபத்து நிகழ்ந்த நேரம், இரவு மணி 8.