பழைய கணினியும் பழைய விதியும்

மலையகத்தின் சரிவுகள் பல, கோப்பிக்கெனக் காடழித்துத் திறக்கப்பட்டவை. 1867 இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதையும் கோப்பியை ஏற்றவே இடப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, அதே மண்ணில் தேயிலை எழுந்தது. அதே பாதை தேயிலையைச் சுமந்தது. ஒன்றுக்கென அமைந்தது மற்றொன்றுக்கு உதவாது என்று துரைமார் அன்று கைகட்டி நிற்கவில்லை.

அந்த மண்ணிலுள்ள பாடசாலைகளின் பழைய கணினிகளுக்கோ இன்று நேர்மாறான தீர்ப்பு வழங்கப்படுகின்றது. வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் நிறுத்தியது. வின்டோஸ் 11 பாதுகாப்புக் கூறொன்றையும் அண்மைத் தலைமுறை முறைவழியாக்கியையும் வேண்டி நிற்கின்றது. ஆகவே பழைய கணினி குப்பைக்குரியது என்பர் சிலர். இயந்திரம் பழுதுபடவில்லை, விற்பவரின் நிபந்தனையே மாறியது என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தடையை உபாயத்தாற் கடந்து வின்டோஸ் 11 ஐ ஏற்றுவோரும் உளர். அத்தகைய கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியை நிறுவனம் அளிப்பதில்லை. பாடசாலைக்குத் தக்க வழி லினக்ஸே. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் மேசையிலிருந்த 386 கணினிக்கென அதனை எழுதினார். பிறவகை இயந்திரங்களில் அது இயங்குமென அவரே எதிர்பார்க்கவில்லை. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையால் இன்று அன்ட்ரொயிட் கைப்பேசிகளின் கருவாக அது விளங்குகின்றது. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் 2017 நவம்பர் முதல் அதிலேயே இயங்குகின்றன. அதன் இலகுவான வடிவங்களுக்கு 2 கிகாபைற்று நினைவகமே போதும்.

தமிழுக்கு என்ன வழி என்று வினவுவர். இலங்கைத் தமிழ்த் தட்டச்சில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை லினக்சிலும் உண்டு. சொல்முறைவழிப்படுத்தலும் விரிதாளும் லிப்ரே ஒபிசிற் பயிலலாம்.

மலையகப் பிள்ளைக்குப் பிறர் கழித்ததே போதுமா என்பது நியாயமான சினம். புதிய கணினி கேட்பது உரிமை. அதனைக் கைவிடுதல் ஆகாது. ஆயினும் புதியது வரும்வரை கணினி அறையைப் பூட்டி வைப்பதால் இழப்பவர் அதிகாரிகள் அல்லர், மாணவரே. மேலும், ஒரு முறைமையைத் தானே நிறுவிப் பழகும் மாணவி கணினிக்கு வெறும் பயனாளியாக நின்றுவிடுவதில்லை. அதன் உட்பொருளை அறிந்தவளாகின்றாள்.

தோட்டத்திற் பிறந்தோர் கொழுந்துக்கும் கவ்வாத்துக்குமே ஆக்கப்பட்டோர் என்பது பழைய விதி. அவ்விதியை மீறியே மலையக மாணவர் பல்கலைக்கழக வாயிலைக் கண்டனர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் லினக்ஸ் ஏற்றிய பென் ட்ரைவ் ஒன்றை உடன் கொண்டு செல்லட்டும். வன்றட்டிலுள்ள எதனையும் அழிக்காமலே அதிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். எதற்கென ஆக்கப்பட்டது என்ற கேள்வி அன்று மனிதரைக் கட்டியது. இன்று அவர்தம் பிள்ளைகளின் கணினி அறையைப் பூட்ட அதனை அனுமதித்தல் தகாது.