எஃப்ஐஆர் என்னும் ஜாதகம்

புழல் சிறை அருகே சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கிறது. வண்டிக்கு பெட்ரோல் போட்டு, காசு வாங்கி, மிச்சம் எண்ணித் தருபவர்கள் தண்டனைக் கைதிகள். அரசாங்கம் அவர்களை நம்பிக் கல்லாவை ஒப்படைக்கிறது. நாமும் நம்பித்தான் வண்டியை நிறுத்துகிறோம். அதே ஆள் விடுதலையாகி இன்னொரு பங்கில் போய் வேலை கேட்டால்? "போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்காப்பா?" உள்ளே இருக்கும்வரை நம்பலாம், வெளியே வந்தால் நம்பக் கூடாது. இது என்ன கணக்கு?

"தப்பு பண்ணவன்தானே, அனுபவிக்கட்டும்" என்பீர்கள். சரி, கோர்ட்டே விடுவித்தவன் எதை அனுபவிக்க வேண்டும்? தமிழ்நாட்டில் காவலர் வேலைக்கான விதியைப் பாருங்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும், நீங்கள் 'குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்'தான். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதில் தவறில்லை என்றது. ஊர்த் திருவிழாத் தகராறில் அண்ணன் பெயரோடு தம்பி பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் போதும், தம்பியின் காக்கிக் கனவு முடிந்தது.

2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், நிர்வாகம் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. 'விடலாம்'தான், 'விட வேண்டும்' அல்ல. முடிவு அதிகாரியின் மனசுக்கு விடப்பட்டது.

இந்தப் பக்கம் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற 543 பேரில் 251 பேர், தங்கள் மீது கிரிமினல் வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் சட்டம் இயற்றலாம். வழக்கில் விடுதலையானாலும் லத்தி பிடிக்க முடியாது!

"அப்போ குழந்தையைச் சீரழிச்சவனை ஸ்கூல்ல சேர்ப்பீங்களா?" மாட்டேன். குற்றத்துக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் தடுக்கட்டும். பதினெட்டு வயதுக்குள் செய்த தவறு பின்னாளில் தகுதியைப் பறிக்கக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது, கொடுங்குற்றம் செய்த சிலரைத் தவிர. பிரிட்டனில் 1974 முதலே, பல தண்டனைகள் குறிப்பிட்ட காலம் கழிந்தால் காலாவதியாகிவிடும். நம் ஊரில் பத்தொன்பது வயதுப் பையனின் அடிதடி வழக்கு மட்டும் ஏன் சாகும்வரை கூட வர வேண்டும்?

கேட்பது மூன்றுதான். விடுதலை என்றால் விடுதலை. வேலைக்குத் தொடர்பில்லாத வழக்கைக் கேட்காதே. தண்டனை முடிந்தபின் ஒரு காலக்கெடு வை.

விக்டர் ஹ்யூகோவின் ழான் வால்ழானுக்காக அழுதவர்கள் நாம். 1950இல் அது 'ஏழை படும் பாடு' என்று சினிமாவாக வந்தபோது நம் தாத்தா பாட்டியும் அழுதார்கள். அவன் கையில் இருந்த மஞ்சள் பாஸ்போர்ட்டால்தான் சத்திரத்தில் கதவைச் சாத்தினார்கள். அந்த மஞ்சள் காகிதத்தைத்தான் இன்று நம் ஹெச்ஆர் ஈமெயிலில் கேட்கிறார். ஹெச்ஆர் நாற்காலியில் நாளைக்கு நீங்களே உட்காரலாம். அப்போது என்ன செய்வீர்கள்?